பாலைவனப் பூங்காக்களுக்கு வழிகாட்டியோடு போவதா, நாமே காடி ஓட்டுவதா?

எங்கள் வீட்டில் இப்போது மூன்று விலைச்சீட்டுகளை வைத்துக்கொண்டு சண்டை நடக்கிறது. போகும் இடத்தில் சிக்கல் இல்லை. அமெரிக்காவின் தென்மேற்கில் யூட்டா, அரிசோனா, நெவாடா என்று மாநிலம் தாண்டிப் பரந்து கிடக்கும் பாலைவனத் தேசியப் பூங்காக்கள் என்று முடிவாகிவிட்டது. எப்படிப் போவது என்பதுதான் பிரச்சினை. அக்கா, இங்கே மலேசியாவின் ஈப்போவில் ஒரு முகவர் கொடுத்த பேருந்துப் பயணத்தை விடமாட்டேன் என்கிறார். அக்கா மகளுக்குச் சிறு வேன் பயணம்தான் வேண்டும். அதில் பத்துப் பன்னிரண்டு பேர் போவார்கள், வழிகாட்டியே வண்டியும் ஓட்டுவார். அத்தானுக்கு இரண்டும் ஆகாது. செம்பனை லோரியில் ஆயுசைக் கழித்தவர். "கிரிக்கிலேருந்து ஜெலி வரைக்கும் ராத்திரியில லோரி ஓட்டுனவனுக்குத் தார் ரோட்ல காடி ஓட்ட வழிகாட்டியா?" என்று கேட்கிறார்.

நான் அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு வேன் குழுவோடு போய் வந்தவன். அதனால் தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இன்னும் சில வீடுகளிலும் இதே பேச்சு ஓடுவது தெரியும். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், இ.பி.எஃப். சேமநிதிப் பணம் கைக்கு வந்துவிட்டது, காசி ராமேஸ்வரமும் முடிந்தது, அடுத்து எங்கே என்று கேட்கும் வயது. அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

விலைச்சீட்டு வந்ததும் எல்லோருடைய கண்ணும் அடியில் உள்ள மொத்தத் தொகைக்குத்தான் போகும். நான் முதலில் தேடுவது வேறு: ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஊரில் படுக்கிறோம்? ரப்பர் பால்வெட்டுக் குடும்பங்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. விடியுமுன் மரத்தடியில் நின்றால்தான் பால் ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். பாலைவனமும் அப்படித்தான். அங்கே பார்க்க வேண்டியதெல்லாம் காலை முதல் இரண்டு மணி நேரத்திலும் மாலை கடைசி இரண்டு மணி நேரத்திலும் இருக்கிறது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது இரும்புத் துரு கலந்த அந்தப் பாறைகள் தணலாகச் சிவக்கும், பள்ளங்களில் நிழல் விழுந்து ஆழம் தெரியும். நடுப்பகலில் அதே இடம் வெளிறிப்போய்த் தட்டையாக நிற்கும். மேலே கொதிக்கும் வெயில், கீழே நிரம்பி வழியும் கார் நிறுத்துமிடம். பூங்காவுக்குப் பக்கத்தில் படுத்தவன் எழுந்து பத்து நிமிடத்தில் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கலாம். லாஸ் வேகாஸ் ஹோட்டலில் படுத்தவன் பசியாறிவிட்டுக் கிளம்பிப் போய்ச் சேரும்போது நண்பகல்.

தூரத்தைச் சொன்னால் இன்னும் புரியும். லாஸ் வேகாஸிலிருந்து சயான் பூங்கா ஏறக்குறைய 260 கிலோமீட்டர். சயானிலிருந்து பிரைஸ் கேன்யன் இரண்டு மணி நேரம். அங்கிருந்து பேஜ் என்ற சிற்றூர் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பேஜிலிருந்து கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு இரண்டரை மணி நேரம். தென்விளிம்பிலிருந்து திரும்ப லாஸ் வேகாஸ் ஏறக்குறைய 450 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். இதுதான் அடிப்படை வளையம். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பூங்காக்கள் இரண்டும் இருக்கும் மோவாப் ஊர்ப் பக்கம் போக வேண்டுமானால் வளையம் கிழக்கே நன்றாக நீளும்.

சரி, முதலில் அக்காவின் பேருந்து.

அதை நான் மட்டமாகப் பேசமாட்டேன். விசா விண்ணப்பத்தில் முகவர் கைகொடுப்பார், பெட்டி தூக்கும் வேலை குறையும், சைவச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள், நம் ஊர் ஆட்கள் நாலு பேர் கூட இருப்பார்கள். ஆங்கிலம் பேசத் தயங்கும் பெரியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அக்காவின் சீட்டில் ராத்திரி வரிகளைப் படித்தால் லாஸ் ஏஞ்சலஸ், லாஸ் ஏஞ்சலஸ், லாஸ் வேகாஸ், லாஸ் வேகாஸ் என்றே போகிறது. பாலைவனம் பகல் சுற்றுலாவாகத்தான் வருகிறது.

அதைவிட முக்கியமான ஒன்று. சீட்டில் "கிராண்ட் கேன்யன்" என்று மட்டும் போட்டிருந்தால் எந்தக் கிராண்ட் கேன்யன் என்று கேளுங்கள். லாஸ் வேகாஸிலிருந்து ஒரே நாளில் போய் வரும் பல பயணங்கள் போவது 'கிராண்ட் கேன்யன் வெஸ்ட்' என்ற இடத்துக்கு. இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதுதான் காரணம். அது ஹுவலபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பூங்கா இல்லை. 2007இல் திறந்த கண்ணாடி நடைபாதை அங்கேதான் இருக்கிறது. பூங்கா அனுமதிச்சீட்டு அங்கே செல்லாது, தனிக் கட்டணம். போய்ப் பார்த்தவர்கள் குறை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் நாட்காட்டிப் படங்களில் பார்க்கும் அந்தப் பிரம்மாண்டம், அதாவது எதிர்விளிம்பு பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் நீலமாகத் தெரிய, நடுவில் 1.6 கிலோமீட்டர் ஆழத்துக்குப் படிப்படியாக இறங்கும் காட்சி, தென்விளிம்பில்தான் கிடைக்கும். லாஸ் வேகாஸிலிருந்து அதை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப வேண்டுமானால் ஒன்பது மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். முகவர் ஏன் மேற்கைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது இப்போது தெரிகிறதல்லவா?

பெரிய பேருந்துக்குச் சயானில் வேறொரு சிக்கல். பூங்காவின் கிழக்கு வாசலுக்குப் போகும் மலைச்சாலையில் ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கப்பாதை இருக்கிறது. 1930இல் திறந்தது, அந்தக் காலத்து வண்டிகளின் அளவுக்குக் குடைந்தது. மிகப் பெரிய வாகனங்களை 2026 நடுவிலிருந்து அந்தச் சாலையில் விடாமல் சுற்றி அனுப்பப்போவதாகப் பூங்கா நிர்வாகம் அறிவித்திருக்கிறது. சயானையும் பிரைஸையும் ஒரே பேருந்தில் பார்க்கும் திட்டமென்றால் எந்தச் சாலையில் போகிறார்கள் என்று கேட்பது நல்லது. முகவருக்கு நம் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்பதையும் பணம் கட்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை, பேப்பரில் வரும் மோசடிச் செய்திகளே போதும்.

அடுத்து வேன் பயணம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச இருக்கிறது.

இந்த முறை புதிதில்லை. 1920களில் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் யூட்டாவின் சீடார் சிட்டி வரை ஆட்களை ரயிலில் கொண்டுவந்து இறக்கி, அங்கிருந்து பேருந்தில் ஏற்றி, சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் வடவிளிம்பு என்று வளையமாகச் சுற்றிக் காட்டியது. அவர்கள் தங்குவதற்கென்று பூங்காக்களுக்குள்ளேயே மரமும் கல்லுமாக விடுதிகள் கட்டியது. ராத்திரி பூங்காவில் தங்க வேண்டும் என்பதை அந்த ரயில்காரன் அப்போதே புரிந்து வைத்திருந்தான். இன்றைய வேன்கள் பலவும் ஏறக்குறைய அதே தடத்தில்தான் ஓடுகின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வடவிளிம்பில் இருந்த பழைய விடுதி 2025 ஜூலையில் காட்டுத்தீயில் எரிந்துபோய்விட்டது. அந்த விடுதியைப் படத்தோடு போட்டிருக்கும் பிரசுரம் பழைய பிரசுரம்.

நல்ல வழிகாட்டி நமக்கு என்ன தருகிறார்? வரலாறும் புவியியலும் சொல்வார் என்று பலரும் நினைக்கிறார்கள். அதைப் பூங்கா ரேஞ்சர்களே இலவசமாகச் சொல்கிறார்கள். பிரைஸில் ஆயிரக்கணக்கான கல் தூண்கள் ஏன் நிற்கின்றன என்று கேட்டால் ரேஞ்சர் அழகாக விளக்குவார். ஆண்டில் 170 முதல் 200 நாள் அங்கே இரவில் நீர் உறைந்து பகலில் உருகுகிறது. பாறை வெடிப்புக்குள் இறங்கிய நீர் பனிக்கட்டியாகும்போது விரிந்து பாறையைப் பிளக்கிறது. இப்படிப் பிளந்து பிளந்துதான் சுவர் தூணாகிறது. ராத்திரியில் நட்சத்திரம் காட்டும் நிகழ்ச்சிகளும் உண்டு. இதற்கெல்லாம் வேன்காரருக்குக் காசு கட்ட வேண்டியதில்லை.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு உண்மையில் நேரத்துக்குப் போகிறது. எந்த வளைவில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், எந்த நிறுத்துமிடம் எட்டு மணிக்கே நிரம்பும், மேகம் திரண்டால் எந்த நடைபாதையை விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. எங்கள் வழிகாட்டி ஒரு பெண். வழியில் ஓரிடத்தில் நிறுத்திக் கருப்பாகப் புடைத்திருந்த மண்ணைக் காட்டி, இதில் கால் வைக்காதீர்கள் என்றார். பார்த்தால் காய்ந்த சேறு போல இருந்தது. நுண்ணுயிர்களும் பாசிகளும் மணலைப் பின்னிப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள மண்தோல் அது. அதுதான் காற்றில் மணல் பறக்காமல் காக்கிறது. ஒரு செருப்புத் தடம் பட்டால் ஆறப் பல வருடம் ஆகும். அவர் சொல்லாவிட்டால் படம் பிடிக்கிறேன் என்று நாங்கள் அத்தனை பேரும் அதன் மேல்தான் நின்றிருப்போம்.

இன்னொரு லாபம், யாரும் ஓட்ட வேண்டியதில்லை. காடி ஓட்டுபவருக்கு ரோடுதான் தெரியும், மலை தெரியாது. அத்தானிடம் இதைச் சொன்னால் கோபம் வருகிறது.

குறைகளும் உண்டு. வேனில் எல்லோருக்கும் ஒரே கடிகாரம்தான். அக்காவுக்கு முட்டிவலி, மகளுக்கு மலையேற ஆசை. இருவரையும் இரண்டு பக்கம் அனுப்பும் வசதி குழுப் பயணத்தில் குறைவு. மலிவான வேன் பயணங்கள் பல கூடாரத்தில் தங்குபவை. கூடாரம் அடிப்பது, சமையலுக்குக் கைகொடுப்பது, தட்டு கழுவுவது எல்லாம் பயணிகளின் வேலை. எனக்கு அது பிடித்திருந்தது. அக்காவை அதில் நினைத்துப் பார்க்க முடியவில்லை. விடுதியில் தங்கும் வேன் பயணங்கள் உண்டு, விலை ஏறும். அதற்கு மேல் வழிகாட்டிக்கு டிப்ஸ் வேறு. அங்கே அது விருப்பம் என்றுதான் சொல்வார்கள், கடைசி நாள் எல்லோரும் உறை எடுத்து நீட்டும்போது நாம் மட்டும் ஒதுங்கி நிற்க முடியாது. சாப்பாடு பெரும்பாலும் ரொட்டிக்குள் எதையோ வைத்தது. சைவக்காரர்களுக்குப் பீன்ஸ் வைத்த மெக்சிகோ ரொட்டிதான் துணை.

சயானில் ஒரு விஷயம் வேன்காரர்களின் விளம்பரத்தில் தெரியாது. பள்ளத்தாக்குக்குள் போகும் முக்கியச் சாலையில், ஷட்டில் பேருந்து ஓடும் மாதங்களில் தனியார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. எல்லோரும் இலவச ஷட்டிலில் ஏறித்தான் போக வேண்டும். அந்த ஷட்டில் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் ஓடுகிறது. தென்விளிம்பிலும் மேற்குப்பக்க ஹெர்மிட் சாலை மார்ச் முதல் நவம்பர் வரை ஷட்டிலுக்குத்தான். ஆக, வேனில் வந்தாலும் காடியில் வந்தாலும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்கப்போகிறோம்.

இப்போது அத்தானின் திட்டம்: நாங்கள் நாலு பேர், ஒரு வாடகைக் காடி.

ஓட்டுவதில் சிரமம் இருக்காது என்று அவர் சொல்வது சரிதான். வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பழகிக்கொள்ளலாம். சாலைகள் அகலம், நெரிசல் கிடையாது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்து நம் லைசென்ஸோடு வைத்துக்கொண்டால் காடி வாடகைக் கடையில் பேச்சு வளராது. எனக்குப் பயம் முதல் நாள்தான். கோடைக்கணக்கில் லாஸ் வேகாஸுக்கும் நமக்கும் பதினைந்து மணி நேர வித்தியாசம். கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானமும் இல்லை, நடுவில் ஓரிடத்தில் மாறித்தான் போக வேண்டும். ஒரு நாள் முழுதும் விமானத்தில் உட்கார்ந்து வந்துவிட்டு, இறங்கிய கையோடு சாவியை வாங்கிப் பாலைவனத்தில் ஓட்டக் கூடாது. லோரி ஓட்டிய கைக்கும் தூக்கம் வரும். அந்த ஒரு ராத்திரி மட்டும் லாஸ் வேகாஸில் படுக்கலாம்.

இருட்டிய பிறகு ஓட்டுவதும் வேண்டாம். அந்தியில் மான்கள் சாலைக்கு வரும். பல இடங்களில் கைப்பேசிக்குத் தொடர்பு இருக்காது, அதனால் வரைபடத்தை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். யூட்டாவில் 70ஆம் எண் நெடுஞ்சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவில் ஏறக்குறைய 175 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் நிலையமோ கடையோ ஒன்றுமே கிடையாது. மோவாப் போகிறவர்களுக்கு அது வழியில் வரும்.

மணிக்கூடும் குழப்பும். கோடையில் யூட்டா ஒரு மணி நேரம் முன்னால் போகிறது, அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை. அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலமோ மாற்றுகிறது. பேஜ் ஊரில் ஒரு மணி, பக்கத்து நவஹோ கிராமத்தில் இன்னொரு மணி. கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மணியைக் காட்டும். முன்பதிவு செய்த நேரம் எந்த ஊர் மணி என்று சீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பணக்கணக்கில் காடிக்கு ஒரு பெரிய சாதகம் புதிதாக வந்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் குடியிருக்காதவர்களுக்குத் தேசியப் பூங்காக் கட்டணம் தனி. கூட்டம் அதிகமுள்ள 11 பூங்காக்களில், வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல், 16 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் 100 டாலர். நம் வளையத்தில் வரும் சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன. நாலு பேருக்கு மூன்று பூங்காவென்றால் 1200 டாலர், நுழைவுக் கட்டணம் வேறு. ஆனால் வெளிநாட்டவருக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர்தான். ஒரே காடியில் போகும் குடும்பத்துக்கு அந்த ஒரு சீட்டு போதும். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், கேபிட்டல் ரீஃப், டெத் வேலி ஆகியவை அந்தப் பதினொன்றில் இல்லை. பேருந்திலோ வேனிலோ போவதானால், இந்தத் தொகை விலைக்குள் அடங்குமா, தனியாகக் கட்ட வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அக்காவின் சீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டோடு சேர்ந்த வண்டி எடுக்கலாமே, சமைத்துச் சாப்பிடலாமே என்று ஒருவர் கேட்டார். சயான் சுரங்கத்திலும் குறுகிய நிறுத்துமிடங்களிலும் அது தொல்லை. சோறு பொங்கும் ஆசைக்குப் பெட்டியில் ஒரு சிறிய ரைஸ் குக்கர் போதும். இறைச்சி சேர்ந்த எதையும், மாகி பாக்கெட்டாகவே இருந்தாலும், கொண்டு போக வேண்டாம். சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

இன்னொரு யோசனையும் நம் ஆட்களிடம் எப்போதும் உண்டு. "நம்ம பையன் ஒருத்தன் அங்க இருக்கான், கொஞ்சம் காசு கொடுத்தா கூட்டிட்டுப் போயிடுவான்." சொந்தக்காரன் சும்மா கூட்டிப் போனால் சரி. காசு வாங்கிக்கொண்டு பூங்காவுக்குள் ஆட்களைச் சுற்றிக் காட்ட அங்கே பூங்கா நிர்வாகத்தின் வணிக அனுமதி வேண்டும். அது இல்லாத ஆளோடு போய் வாசலில் மாட்டிக்கொண்டால் நம் விடுமுறைதான் கெடும். வேன் நிறுவனத்திடமும் இந்த அனுமதி இருக்கிறதா என்று தாராளமாகக் கேட்கலாம். இருப்பவர்கள் உடனே பதில் சொல்வார்கள்.

சில இடங்களில் இந்தச் சண்டைக்கே வேலையில்லை. பேஜ் பக்கத்தில் உள்ள ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறை இடுக்கு நவஹோ நிலத்தில் இருக்கிறது. அனுமதி பெற்ற நவஹோ வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. அதில் நியாயம் இருக்கிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அந்த இடுக்குக்குள் திடீர் வெள்ளம் புகுந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்துபோனார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. அங்கே மண் நீரை உறிஞ்சாது, எங்கோ பெய்த மழை பாறை வழியாக ஒன்றுசேர்ந்து இடுக்குக்குள் சுவராக இறங்கும். மழை என்றால் நம் தலைமேல் பெய்ய வேண்டும் என்று பழகிய நமக்கு இது புரியக் கொஞ்சம் நேரம் ஆகும். மானுமென்ட் வேலியும் நவஹோ மக்களின் பூங்காதான், தேசியப் பூங்காச் சீட்டு அங்கே செல்லாது. 17 மைல் மண்சாலையில் நாமே ஓட்டலாம், அதைத் தாண்டி உள்ளே போக நவஹோ வழிகாட்டி வேண்டும். நான் பார்த்த வழிகாட்டிகளிலேயே மனதில் நிற்பது அந்த நிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். காசு கொடுத்து வழிகாட்டி வைப்பதென்றால் அங்கே வையுங்கள்.

பருவத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஏப்ரல் பிற்பகுதி முதல் மே வரை, அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம், திடீர் வெள்ளம் வரும் காலம். டெத் வேலியைக் கோடையில் சேர்க்கவே கூடாது. 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 பாகை செல்சியஸ்தான் உலகில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட மிக உயர்ந்த காற்று வெப்பம். நாம் வெயிலில் வளர்ந்தவர்கள் என்ற நினைப்பு அங்கே உதவாது. நம் ஊரில் வியர்வை சட்டையில் ஒட்டும், உடம்பில் நீர் போவது தெரியும். அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், தலை சுற்றும்போதுதான் தெரியவரும். ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்று பூங்காக்காரர்கள் சொல்கிறார்கள். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு இறங்கிவிடும், கொறிக்க உப்புப் பண்டம் ஏதாவது வேண்டும். நம் முறுக்குக்கு அங்கே நல்ல வேலை இருக்கிறது. அதே பயணத்தில் குளிரும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். பிரைஸின் விளிம்பு 2400 மீட்டருக்கு மேல், கேமரன் மலையின் தானா ராத்தாவைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். மே மாத ராத்திரியில்கூடத் தண்ணீர் உறையும். முதல் நாள் படியேறினால் மூச்சு வாங்கும்.

யாருக்கு எது என்று கேட்டால் என் கணக்கு இது. தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்கள், ஓட்டத் தெரியாதவர்கள், நடக்கத் தெம்புள்ள இளவட்டங்கள் எல்லோரும் சிறு வேனில் போகலாம். சீட்டில் ராத்திரிகள் ஸ்பிரிங்டேல், பிரைஸ், பேஜ், துசாயான் போன்ற பூங்கா வாசல் ஊர்களில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுபதைத் தாண்டிய பெரியவர்கள், ஆங்கிலத்தில் கூச்சம் உள்ளவர்கள், லாஸ் ஏஞ்சலஸையும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பேருந்தில் போகட்டும். ஆனால் முகவரிடம் தென்விளிம்பில் ஒரு ராத்திரி கேட்டுப் பாருங்கள், பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பயணத்திட்டம் மாறும். நாலைந்து பேராக, நல்ல ஓட்டுநர் ஒருவரும் மாற்று ஓட்டுநர் ஒருவரும் உள்ள குடும்பத்துக்குக் காடிதான். மாற்று ஓட்டுநர் இல்லையென்றால் நான் காடியைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

எங்கள் வீட்டுக்குக் காடி என்றுதான் தீர்ப்புச் சொன்னேன். அக்காவின் முட்டியே அதற்குக் காரணம். அத்தான் தன் லோரி அனுபவத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார், நினைக்கட்டும். சயானில் ஆற்றோரமாகத் தளம் போட்ட சமமான பாதை இருக்கிறது. பிரைஸில் சன்ரைஸ் முனையிலிருந்து சன்செட் முனை வரை ஏறக்குறைய 800 மீட்டர் தளம் போட்ட பாதை. தென்விளிம்பிலும் கிராமத்தை ஒட்டி மைல்கணக்கில் மேடுபள்ளம் இல்லாமல் நடக்கலாம், வலித்தால் ஷட்டிலில் ஏறிவிடலாம். அக்கா அங்கே மெதுவாக நடக்கும் நேரத்தில் மகள் சயானின் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை முகட்டில் ஏறட்டும். அதற்கு 2022 முதல் குலுக்கல் முறையில் அனுமதிச்சீட்டு வேண்டும், கிடைத்தால் அவள் அதிர்ஷ்டம். ஆன்டலோப்பிலும் மானுமென்ட் வேலியிலும் நவஹோ வழிகாட்டி. மோவாப்பும் டெத் வேலியும் இந்த முறை இல்லை. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் எல்லாவற்றையும் திணித்தால் ராத்திரிகள் மறுபடி நெடுஞ்சாலை ஹோட்டலுக்குப் போய்விடும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதிலும் ஒரு கண் வையுங்கள். மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்க விசா கட்டாயம், கோலாலம்பூர் தூதரகத்தில் நேர்காணல் உண்டு. விசா கைக்கு வருமுன் திருப்பித் தராத டிக்கெட் எதையும் வாங்க வேண்டாம். பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளை மட்டும் அதற்கும் முன்பே பார்த்து வைக்கலாம். தென்விளிம்பில் பல அறைகளுக்கு ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன்பே பதிவு திறந்துவிடுகிறது, ரத்து செய்தால் என்ன பிடிப்பார்கள் என்று படித்துவிட்டுப் பதியுங்கள். அறை கிடைத்த தேதிகளை வைத்து வளையத்தை வலமாகச் சுற்றுவதா இடமாகச் சுற்றுவதா என்று முடிவு செய்து, அப்புறம் விமானம், அப்புறம் காடி. நவஹோ வழிகாட்டிகளுக்கான முன்பதிவு கடைசியில், ஆனால் கிளம்பச் சில வாரங்கள் இருக்கும்போதே.